மூடி போட்டு எடுத்த ஆறு மணி நேரம்

மினி டி.வி. என்றால் சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி அல்ல. நேற்று உங்கள் ஏட்டு எழுதிக்கொண்ட தாளில், ‘எதிரியின் வீட்டில் மினி டி.வி. ஒன்றும் அதற்குண்டான கேசட்டுகளும் கைப்பற்றப்பட்டன’ என்று இருக்கிறது. நான் சொன்னது டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கத்தை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட். படம் அதில் எண்களாகப் பதியும். எத்தனை நகல் எடுத்தாலும் மங்காது. இதை அவருக்கு மூன்று தடவை விளக்கினேன். “அப்ப நீயே எழுதிக் குடுத்துடுய்யா” என்றார். அதனால் நானே எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருக்காது.

ஆய்வாளர் அவர்களே, என் பெயர் தணிகாசலம். வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் வடக்குப்பட்டு, குடியிருப்பது ஸ்ரீபெரும்புதூரில். கார் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் இயந்திரங்கள் ஓடும் பகுதிக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ். அறுபது பேர் என் கீழே வேலை செய்கிறார்கள். ஒரு தகட்டில் முடியளவு கீறல் இருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவேன். இது நானாகச் சொல்லிக்கொள்ளும் பெருமையில்லை. கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் மூடிக்கொள்ளாது. வீடியோ எடிட்டிங் என் பொழுதுபோக்கு. தொண்ணூற்று ஒன்பதிலேயே முதல் கேமரா வாங்கினேன். இந்தப் பக்கத்தில் கம்பெனிகள் வர வர, ஓவர்டைம் பார்த்தவன் எல்லாம் கேமரா வாங்கக் கிளம்பினான். வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வருவார்கள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வேறொன்றை வாங்குவார்கள். துபாயில் இருக்கும் மச்சான் கொண்டுவந்தான் என்று அமெரிக்க முறைக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, நம் டி.வி.யில் ஏன் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறது என்று கேட்பார்கள். ஐந்நூறு மடங்கு ஜூம் என்று அட்டையில் போட்டிருப்பதை ஏதோ பட்டம் வாங்கியதுபோலக் காட்டுவார்கள். மைக் குத்தத் துளை இருக்கிறதா என்று கேட்டால், மைக் எதற்கு, பாட்டுப் பாடவா என்பார்கள்.

என்னிடம் தனியாக டெக் இருந்தது. கேசட்டை ஓட்டவும் பதியவும் மட்டுமே ஆன பெட்டி. கேமராவுக்குள் படத்தைப் படிக்கும் ஹெட் மிக நுட்பமானது. எடிட்டிங் செய்கிறேன் என்று கேமராவையே முன்னும் பின்னும் ஓட்டினால் அது தேய்ந்து, படம் கட்டம் கட்டமாக உடையும். ஆகவே எடுப்பதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று. இந்த வட்டாரத்தில் இதைப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். என் மனைவி லீலாவுக்கே அது புரியவில்லை. “ஒரு வேலைக்கு ரெண்டு பொட்டி எதுக்குங்க” என்றுதான் கடைசிவரை கேட்டாள்.

பேச்சிராஜ் என் ஷிஃப்டில் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் இருந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், இருபத்தாறு வயது. சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்துப் புது மனைவியோடு இருந்தான். வேலை தெரிந்தவன், அதை மறுக்கவில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் பேசிக்கொண்டிருப்பான். இயந்திரத்தோடுகூடப் பேசுவான்.

இரண்டாயிரத்து இரண்டு கடைசியில் என்னிடம் வந்தான். “சார், கேமரா ஒண்ணு வாங்கணும்னு வீட்டுல ஒரே நச்சு. நீங்க கூட வந்தீங்கன்னா தைரியமா இருக்கும்” என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்மா பஜாருக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று நான் சொல்லும் சின்னக் கேசட் போடுவது. இன்னொன்று பழைய எட்டு மில்லிமீட்டர் கேசட்டில் டிஜிட்டலாகப் பதிவது. உருவத்தில் பெரியது, மைக் குத்தத் துளைகூட இல்லாதது. நான் முதலாவதைக் காட்டி, “இதுதான். அது பழைய கேசட்டுல புது வேஷம். படம் நிக்காது” என்றேன்.

பேச்சிராஜ் விளம்பரத் தாளை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ஆங்கிலம் அவனுக்கு அவ்வளவுதான். படித்து முடித்துவிட்டு, “சார், பதியுதது ரெண்டுலயும் ஒண்ணுபோலன்னுல்லா இதுல போட்டுருக்கு. கேசட்டுதான் பெருசு சிறுசாம். பெருசு எங்க ஊருப் பக்கம்கூட கெடைக்குமே” என்றான்.

“தம்பி சொல்றது கரெக்ட் சார். டேட்டா ஒண்ணுதான்” என்றார் கடைக்காரர்.

நான் சிரித்தேன். அவர்கள் இருவரும் சொன்னது சரிதான். எனக்கும் அது முன்பே தெரியும். ஆனால் ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டும்போது, பிரஸ் ஓட்டுகிறவன் கடைக்காரன் முன்னால் தாளை எடுத்து நீட்டுவது என்ன பழக்கம் என்று யோசித்துப் பாருங்கள். அவன் பெரியதையே வாங்கினான். திரும்பி வரும் பஸ்ஸில் பூந்தமல்லி வரைக்கும் ஜன்னல் வழியாக எடுத்துக்கொண்டே வந்தான். லென்ஸில் பெருவிரல் ரேகை அப்பியிருந்தது. நான் சொல்லவில்லை.

அடுத்த பொங்கலுக்கு நான் ஒரு படம் செய்தேன். எங்கள் தெருவில் நடந்த விழாவை எடுத்து, இருபத்திரண்டு நிமிடமாகச் சுருக்கி, ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருவதுபோல இணைத்து, தலைப்பு போட்டு, பின்னணி இசை சேர்த்து முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. என் வீட்டில் டி.வி.யை முற்றத்துப் பக்கம் திருப்பி வைத்துப் போட்டுக் காட்டினேன். கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஆறாவது நிமிடத்தில் ஒருத்தர் டீ குடிக்க எழுந்தார். பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் இல்லை.

அதற்குப் பிறகு யாரோ, “பேச்சி, நீ எடுத்தத போடுடா” என்றார்கள். அவன் கேமராவைக் கொண்டுவந்து நேராக டி.வி.யில் குத்தினான். வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. படம் ஆடியது. ஆட்களின் தலை வெட்டுப்பட்டது. கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். படம் எடுப்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது இதில் முதல் பாடம். இந்த ஜனங்கள் ஐம்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து நின்றுகொண்டு பார்த்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அவன் மாமியார் கோமதியம்மாள், மகள் கோலம் போடுவதைப் பார்த்து அழுதார். அந்தக் கோலத்தில் பாதி படத்துக்கு வெளியே இருந்தது.

எல்லோரும் போன பிறகு லீலா பாத்திரம் ஒழித்துக்கொண்டே, “அந்தப் புள்ள எடுத்தது, ஆளுங்கள நேர்ல பாக்கற மாதிரியே கீதுங்க” என்றாள். கீறல் விழுந்த தகட்டையும் நல்ல தகட்டையும் அருகருகே வைத்தால் கீறல் விழுந்ததை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட முடியாது.

இனி அவனுடைய மரணம். இரண்டாயிரத்து மூன்று டிசம்பர், முதல் ஷிஃப்ட், காலை பத்தே கால். ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் தகடு சிக்கிக்கொண்டது. பேச்சிராஜ் குனிந்து உள்ளே கையை விட்டான். பிரஸ் இறங்கியது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் வண்டியிலேயே இறந்துவிட்டான்.

அந்த இயந்திரத்தின் முன்னால் ஒரு சென்சார் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கை குறுக்கே போனால் பிரஸ் அப்படியே நின்றுவிடும். அன்று அது இணைப்பில் இல்லை. நிர்வாகம் விசாரணை வைத்தது. அதிகம் பீஸ் அடித்துப் பேர் வாங்குவதற்காக அவனே கழற்றியிருப்பான் என்று நான் சொன்னேன். அதையே எழுதிக்கொண்டார்கள். அவனுடைய சொந்த அஜாக்கிரதை என்று முடிவாகி, குடும்பத்துக்குச் சேர வேண்டியது நின்றுபோனதாகக் கேள்விப்பட்டேன். அது நிர்வாகத்தின் முடிவு. நான் தீர்ப்பெழுதுகிறவன் அல்ல. செத்துப்போனவனுக்கு அதனால் புதிதாக ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை என்பதை மட்டும் அன்று நினைத்துக்கொண்டேன்.

அவன் மனைவி வேல்விழி அப்போது ஏழு மாதம். ஊருக்குப் போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டு, சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. கவியா என்று பெயர்.

ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஒரு கட்டைப் பையில் கேமராவும் ஆறு கேசட்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்தாள்.

“சார், அவுக போட்டோ இருக்கு. ஆனா இந்தக் கேசட்டுலதான் அவுக பேசுதது இருக்கு. பிள்ளைக்கு அப்பா சத்தம் தெரியணும்லா? இந்தப் பெட்டி சில நேரம் கேசட்ட கடிச்சிருது, போடவே பயமாருக்கு. நீங்க சி.டி.யில ஏத்தித் தந்தீகன்னா போதும்.”

“படம் ரொம்ப மோசமா இருக்குமே” என்றேன்.

“படம் எப்படியும் இருக்கட்டும் சார். அவுக எங்க படத்துல இருக்காக? கேமராவ அவுகதான வச்சிருந்தாக. எனக்குச் சத்தம் போதும்.” பிறகு சொன்னாள்: “அவுக எப்பவும் சொல்லுவாக, இந்த விசயத்துல சாருக்குத் தெரியாதது இல்லன்னு.”

என் டெக்கில் அந்தப் பெரிய கேசட் நுழையாது. கேமராவையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். வைத்துவிட்டுப் போனாள். லீலா குழந்தைக்கு ஒரு சட்டை கொடுத்தாள்.

மூன்று வாரம் அவற்றை என்னிடம் வைத்திருந்தேன். தினமும் வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் பார்ப்பேன். கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரப் படம் ஏற்றவே பதிமூன்று ஜிபி இடம் வேண்டும். ஆகவே முதலில் எது தேறும், எது தேறாது என்று நோட்டில் குறித்துக்கொள்வது என் வழக்கம். அந்த நோட்டும் இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. பாருங்கள். பெரும்பாலும் ‘தேறாது’ என்றுதான் எழுதியிருப்பேன்.

நியாயமாகத்தான் எழுதினேன். கேமராவை நிறுத்த மறந்து ஆணியில் மாட்டிவிட்டு, ஒன்பது நிமிடம் வெறும் தரையையும் இரண்டு கால்களையும் பதிந்து வைத்திருக்கிறான். அந்த ஒன்பது நிமிடமும் பாத்திரம் கழுவிக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடுகிறான். சுருதி இல்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வெயிலுக்கு எதிரே மனைவியை நிறுத்தி எடுத்ததில் அவள் முகம் கருநிழல். “வேலு, சிரி. அங்கிட்டு இல்ல, இங்கிட்டுப் பாரு” என்று இருபது தடவை சொல்கிறான், முகமே தெரியாதபோது சிரித்தால் என்ன, அழுதால் என்ன. ஐந்தாவது கேசட்டில் அவள் கர்ப்பமாக இருக்கிறாள். கேமராவை வயிற்றுக்கு அருகில் கொண்டுபோய், “உள்ள இருக்கவுகளே, கேக்குதா? நாந்தான் உங்க அப்பா பேசுதேன். வெளிய வந்து என்ன அடையாளம் தெரியலன்னு சொல்லப்பிடாது” என்கிறான். அவ்வளவு நெருக்கத்தில் அந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. முழுக்க மங்கல். நோட்டில் ‘ஃபோகஸ் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

நாலாவது கேசட்டில் எங்கள் தொழிற்சாலையின் ஆயுத பூஜை இருந்தது. அன்று ஒரு நாள் மட்டும் உள்ளே கேமரா கொண்டுவர விடுவார்கள். சந்தனப் பொட்டு வைத்த ஏழாம் நம்பர் பிரஸ், பொரி, வாழைக்கன்று. பதினேழாவது நிமிடத்தில் நிறுத்தி, திரும்ப ஓட்டி, மறுபடியும் பார்த்தேன். நோட்டில் அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். எழுத ஒன்றுமில்லை, படம் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மே மாதம் ஒன்பதாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கினேன். ஒரு கேசட்டை அழிக்கச் சரியான முறை ஒன்றுதான். காந்தம் கீந்தம் என்று சொல்வதெல்லாம் அரைகுறைகளின் பேச்சு. கேசட்டை முழுக்கப் பின்னால் சுற்றிக்கொள்ள வேண்டும். லென்ஸுக்கு மூடி போட வேண்டும். பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். பழைய படத்தின் மேல் கறுப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம். ஆறு கேசட், ஆறு மணி நேரம். அவசரப்பட்டுச் செய்கிற வேலை அல்ல. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். நடுவில் சாப்பிட்டேன். மூன்றேகாலுக்கு முடிந்தது. ஒவ்வொன்றையும் அதனதன் சேலைத் துணியில் பழையபடி சுற்றி வைத்தேன்.

ஏன் என்று கேட்டீர்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, தன் அப்பா என்று இந்தக் குப்பையைப் பார்க்க வேண்டுமா என்று நினைத்தேன். முகம் தெரியாத படம், மங்கலான வயிறு, தரை, கால். ஒரு மனிதனைப் பற்றி இப்படி ஒரு சாட்சியம் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது அவனுக்கு மரியாதை. இதை நேற்றும் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் வேல்விழி வந்தாள். “ஈரம் பட்டிருக்கும்மா. பூஞ்சை புடிச்சு எல்லாம் போயிடுச்சு. மட்டமான கேமரா, அன்னிக்கே சொன்னேன்” என்றேன்.

“ஆறுலயுமா சார்? ஒண்ணுகூடவா தேறல?”

“ஒண்ணுகூட.”

அவள் கேசட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு, “இத்தன நாளு மெனக்கெட்டீகளே சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அறிவுள்ள எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கறுப்புக் கேசட்டை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா? அவள் பார்த்தாள். நீங்கள் படித்துக் காட்டிய அவளுடைய வாக்குமூலத்திலிருந்துதான் எனக்கே இது தெரியும். எங்காவது ஒரு மூலையில் ஒரு துண்டு தப்பியிருக்கும், ஒரு வார்த்தையாவது மிச்சமிருக்கும் என்று, ஹாஸ்டல் வேலை முடிந்து வந்து தினமும் ஒரு கேசட்டைக் கேமராவில் போட்டு, டி.வி.யின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்து, முதலிலிருந்து கடைசிவரை பார்த்திருக்கிறாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தாளாம்.

நான் மறந்தது ஒன்றுதான். மூடி படத்தைத்தான் மறைக்கும். மைக்குக்கு மூடி கிடையாது. என் சொந்தக் கேமராவில் மைக் துளையில் வெறும் பின் ஒன்றைக் குத்தி வைத்துவிடுவேன், சத்தம் பதியாது. இருபது கேசட் அப்படிச் செய்து பழகிய கை. இந்தக் கேமராவில் துளையே இல்லை. ஒரு கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது சும்மா அல்ல.

ஆகவே அவள் கேட்டது என் வீட்டை. மின்விசிறி, காக்கை, கீரை விற்கிறவள், பேப்பர் புரட்டும் சத்தம், என் இருமல். முதல் நாள் யாருடைய வீடு என்று அவளுக்குப் புரியவில்லை. அப்படியும் நிறுத்தவில்லை. நாலாவது நாள் நாலாவது கேசட்டைப் போட்டாள். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் லீலாவின் குரல் வருகிறது. இங்கே உங்கள் மேசையிலும் அதைப் போட்டுக் காட்டினீர்கள். தெளிவாகவே பதிந்திருக்கிறது. திரையில் தேதியும் மணியும் வர எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை உங்களுக்கு நான்தான் காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து: மே ஒன்பது, பகல் பன்னிரண்டு ஐம்பது.

“இன்னாங்க, காலைலேர்ந்து மூடிய போட்டுக்கினு ரெக்கார்டு பண்ணிக்கினு கீறீங்க?”

“அழிக்கிறேன்.”

“யாருது?”

“பேச்சிராஜுது.”

“அந்தப் பொண்ணு அதுக்குத்தானே அலையுது. எதுக்குங்க அழிக்கணும்?”

“சென்சார கழட்டச் சொன்னது இதுல கேக்குது. என் குரல்.”

இதற்குப் பிறகு குக்கர் மட்டும் ஒரு விசில் விடுகிறது. பிறகு லீலா மெதுவாகக் கேட்கிறாள்: “அப்ப விசாரணைல, அவனே கழட்டிக்கினான்னு நீங்க சொன்னது?”

“சோத்தப் போடு” என்கிறேன் நான்.

அவள் போட்டாள். அதற்குப் பிறகு நான்கு நாள் வீட்டில் இருந்தாள். ஐந்தாம் நாள் தன் அக்காள் வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. ஒரு பெட்டிக்கும் இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவள். அவளை எதற்கும் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்ல வேண்டியதை நானே முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆயுத பூஜையன்று டைரக்டர் ஒவ்வொரு இயந்திரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் வருவதற்கு முன்னால் நான் ஏழாம் நம்பருக்குப் போய்ச் சொன்னேன்: “பேச்சி, டைரக்டர் பாத்துட்டுப் போற வரைக்கும் சென்சார மாட்டி வை. லைன் ஸ்டார்ட் ஆனதும் கழட்டிடு. டார்கெட் வரணும்.” அவன் கேமராவுக்குப் பின்னாலிருந்து, “கழட்டிட்டா கைக்கு ஆபத்துல்லா சார்” என்றான். “சொன்னதைச் செய்யி” என்றேன். பதினெட்டு விநாடி. என் முகம்கூட இல்லை. சட்டைப் பையும் அதில் குத்தியிருந்த பேனாவும்தான் படத்தில் இருந்தன. ஒரு ஆளைச் சட்டத்துக்குள் நிறுத்தத் தெரியாதவன் எடுத்தது. ஆனால் ஒலி நன்றாக விழுந்திருந்தது.

சென்சார் இருந்தால் நிமிடத்துக்கு இரண்டு பீஸ் குறையும். என் ஷிஃப்ட் மூன்று வருடமாக முதலிடம். இதை நான் மட்டும் செய்யவில்லை. ஆனால் ஏழாம் நம்பரில் செய்யச் சொன்னது நான். இரண்டு மாதம் அது அப்படியே ஓடியது. டிசம்பரில் அவன் குனிந்தபோது அவனைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பொருள் என் மேசை டிராயரில், பாலித்தீன் பையில் இருந்தது. அன்று மாலையே கொண்டுபோய் இயந்திரத்தின் காலடியில் போட்டேன், அவன் கழற்றி வீசியதுபோல.

ஆறையும் எதற்கு அழித்தாய், ஒன்றை மட்டும் அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். இதுவரை நீங்கள் கேட்டதிலேயே இதுதான் உருப்படியான கேள்வி. ஒன்று மட்டும் போயிருந்தால், அதில் என்ன இருந்தது என்று அவள் யோசிப்பாள். ஆறும் போனால் கேமராவைக் குறை சொல்லலாம். என் குரல் இருந்தது பதினெட்டு விநாடி. அதற்காக மிச்சமிருந்த ஐந்து மணி ஐம்பத்தொன்பது நிமிடமும் போக வேண்டியிருந்தது. இதைத் தரத்துக்காகச் செய்தேன் என்று மேலே எழுதியதையும் அடிக்க வேண்டாம். இரண்டும் உண்மைதான். ஒன்று முதலில் தோன்றியது, மற்றது பிறகு தோன்றியது. எது முதல் என்பது எனக்கு இப்போது ஞாபகமில்லை.

கடைசியாக ஒன்று. நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று அந்தப் பெண் சொல்வது சரியல்ல. நீங்கள் எடுத்துப்போன கம்ப்யூட்டரில் ஐம்பத்திரண்டு விநாடிக் காட்சி ஒன்று இருக்கிறது. அந்தப் பொங்கலன்று காலையில் பேச்சிராஜ் தன் ரூம் வாசலில் கேமராவை என் கையில் கொடுத்து, “சார், நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்ல ஒண்ணு எடுங்களேன்” என்றான். எடுத்துக் கொடுத்தேன். காலை வெளிச்சம், கரும்பு, இருவரும் சரியான அளவில், நடுவில். ஆடாத படம். ஆறு மணி நேரத்தில் தேறியது அது ஒன்றுதான். அதனால் அழிப்பதற்கு முன்னால் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் நேராக லென்ஸைப் பார்த்து, மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு, ஐம்பத்திரண்டு விநாடியும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தான். அது இடைஞ்சலாக இருந்தது. அந்தச் சத்தத்தை முழுக்க நீக்கிவிட்டுப் புல்லாங்குழல் போட்டிருக்கிறேன். ஒரு சி.டி.யில் ஏற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். இப்போது பார்க்க நன்றாக இருக்கிறது.